டெக்சாஸில் பி.இ. லைசென்ஸும் சர்வேயர் லைசென்ஸும்: நம் ஊர் பட்டத்தோடு எங்கே தொடங்குவது?

#1 வைகைக்கரை (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் வணக்கம். பழைய இழைகளைத் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு மாநிலத்தைப் பற்றி இருந்ததால் குழப்பம்தான் கூடியது. அதனால் என் நிலைமையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைப் பக்கம் சிவில் பி.இ. முடித்தேன். பிறகு இங்கே எம்.எஸ். மூன்று வருடமாக ஒரு சிறிய கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை. புதிய குடியிருப்புகளுக்கு மழைநீர் வடிகால், தெருவின் வாட்டம், வெள்ளம் தேக்கும் குட்டை, இவற்றின் டிசைன். கணக்கெல்லாம் நான்தான் போடுகிறேன், பொறுப்பேற்று வரைபடத்தில் லைசென்ஸ் முத்திரை வைப்பவர் என் மேலாளர். போன மாதம் கூப்பிட்டு, "லைசென்ஸ் எடுக்காமல் இதற்கு மேல் உன்னை ஏற்ற முடியாது" என்று நேராகச் சொல்லிவிட்டார். நான் இன்னும் எஃப்.இ. என்ற முதல்கட்ட அடிப்படைத் தேர்வே எழுதவில்லை.

இன்னொன்று, என் மனைவியின் தம்பி பற்றியது. டிப்ளமோ படித்தவன். துபாயில் ஒன்பது வருடம் சர்வேயர். டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி), ஜிபிஎஸ் எதைக் கொடுத்தாலும் கை பழகியவன். கல்யாணமாகி க்ரீன் கார்டில் இப்போது இங்கே வந்திருக்கிறான். அங்கே விசிட்டிங் கார்டிலேயே சர்வேயர் என்று போட்டிருந்தான். இங்கே அப்படிச் சொல்லிக்கொள்ளவே கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், பையன் ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அது நிஜமா? அவனுக்கு வழி உண்டா?

#2 பாலாறு (டாலஸ்)

தம்பி, முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் பட்டமும் (பேச்சலர் ஆஃப் எஞ்சினியரிங்) பி.இ., லைசென்ஸும் (ப்ரொஃபெஷனல் எஞ்சினியர்) பி.இ. நான் லைசென்ஸ் வாங்கிய அன்று அம்மாவுக்கு போன் செய்து பி.இ. வந்துவிட்டது என்றேன். "அது எப்பவோ வாங்கினதுதானே" என்றார். இந்த இழையில் படிப்பைப் பட்டம் என்றும் லைசென்ஸை பி.இ. என்றும் சொல்வோம்.

அமெரிக்கா முழுவதற்கும் பொறியாளர் லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தானே கொடுக்கிறது. தேர்வைத் தயாரித்து நடத்துவது மட்டும் என்.சி.இ.இ.எஸ்., லைசென்ஸ் தரும் மாநில போர்டுகள் கூடி 1920இல் தொடங்கிய பொது அமைப்பு. கேள்வித்தாள் எங்கும் ஒன்று. எந்தப் பட்டம் செல்லும், எத்தனை வருட அனுபவம் வேண்டும், யார் யார் பரிந்துரைக்க வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்தின் கையில். உங்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்ததற்கு இதுதான் காரணம்.

நீங்கள் முதலில் முடிக்க வேண்டியது எஃப்.இ. தேர்வு. 110 கேள்விகள், தேர்வு மையத்தில் ஆறு மணி நேரம், கணினியில். வருடம் முழுக்கத் தேதி கிடைக்கும். கல்லூரியை விட்டு வந்தவர்களை அடிப்பது எப்போதும் முதல் இரண்டு வருடப் பாடங்கள்தான்: கணக்கு, புள்ளியியல், ஸ்டாட்டிக்ஸ். தினம் வேலையில் பார்க்கிற வடிகால் கணக்கு அங்கே கைகொடுக்காது. சூத்திரக் கையேடு திரையிலேயே வரும், வெளியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கண் பழகுவதே பாதித் தயாரிப்பு.

அப்புறம் பி.இ. தேர்வு. சிவிலில் 80 கேள்விகள், எட்டு மணி நேரம். 2024 ஏப்ரல் முதல் பொதுப் பகுதியை எடுத்துவிட்டார்கள். கட்டுமானம், மண்ணியல், கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளம் என்று ஐந்து தனித்தனித் தேர்வு. உங்களுக்கு நீர்வளம் பொருந்தும். டெக்சாஸில் நான்கு வருட அனுபவம் முடியும்வரை பி.இ. தேர்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கல்யாணம், குழந்தை என்று வருவதற்குள் எழுதிவிடுங்கள் என்று என்னிடம் வேலை பார்க்கும் எல்லோரிடமும் சொல்வேன்.

பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதனால் நம் பட்டம் தானாகவே இங்கே செல்லும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த ஒப்பந்தத்துக்குள் வருவது என்.பி.ஏ. (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அதற்கென அங்கீகரித்த படிப்புகள் மட்டும். அவற்றையும் ஏற்பதா, மதிப்பீடு கேட்பதா என்பது மாநில போர்டின் முடிவு. மதிப்பீட்டில் கணக்கும் அடிப்படை அறிவியலும் 32 கிரெடிட், பொறியியல் 48 கிரெடிட் இருக்கிறதா என்று எண்ணுவார்கள். எனக்குப் பொறியியலில் ஒரு குறையும் வரவில்லை. மொழி, வரலாறு, சமூகவியல் பக்கம் குறை என்று வந்தது. கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் இரண்டு பாடம் படித்து ஈடுகட்டினேன். உங்கள் எம்.எஸ். இங்கேயே படித்தது என்பதால் இந்தச் சுற்று உங்களுக்கு இல்லாமலும் போகலாம். போர்டுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#3 தாமிரபரணி (சாக்ரமெண்டோ)

பாலாறு அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இது.

என் முதல் வேலை மிகச் சிறிய நிறுவனம், பெயர் வேண்டாம். இரண்டு வருடம் ஒரு பி.இ.யின் கீழ் உழைத்தேன். நிறுவனம் மூடியது, அவர் ஓய்வு பெற்று வேறு ஊர் போனார். அனுபவச் சான்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. அந்த இரண்டு வருடம் எனக்குக் கணக்கில் வரவில்லை. எந்தத் திட்டம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அதில் நான் செய்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதி, வேலையை விடும்போதே கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. என்.சி.இ.இ.எஸ். இணையதளத்தில் ரெக்கார்ட் என்ற வசதி இருக்கிறது. அனுபவத்தை அங்கேயே பதிந்து, மேற்பார்வையாளரிடம் அப்போதைக்கு அப்போதே சரிபார்த்து வைத்துவிடலாம். பின்னால் வேறு மாநிலத்தில் லைசென்ஸ் கேட்கும்போதும் அதையே அனுப்பலாம்.

எழுதும் முறையும் முக்கியம். நாம் "வடிவமைக்கப்பட்டது", "எங்கள் குழு முடித்தது" என்று எழுதியே வளர்ந்தவர்கள். "நான்" என்று எழுதக் கூச்சப்படுவோம். போர்டுக்கு வேண்டியது அந்த "நான்"தான். எந்த முடிவை நீ எடுத்தாய், எந்தக் கணக்கை நீ சரிபார்த்தாய் என்று தெரியாவிட்டால் கோப்பு திரும்பி வரும். எனக்கு ஒருமுறை வந்தது.

கலிஃபோர்னியா விஷயம் சுருக்கமாக. இங்கே சிவிலுக்குப் பொதுத் தேர்வு போக நிலநடுக்கத்துக்கு ஒன்று, பொறியியல் சர்வேக்கு ஒன்று என்று இரண்டு மாநிலத் தேர்வுகள் உண்டு. வேறு மாநிலத்தில் இருபது வருடம் பி.இ.யாக இருந்தவரும் இங்கே வந்தால் இவற்றை எழுத வேண்டும்.

எச்-4 விசாவில் (இங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) இருக்கும் தங்கைகள் கவனிக்க: சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால் விண்ணப்பிக்கவே முடியாது என்று நானே பல வருடம் நம்பி உட்கார்ந்திருந்தேன். 2014இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. 2016 முதல் அந்த எண்ணுக்குப் பதிலாக வரி அடையாள எண்ணை மாநில லைசென்ஸ் போர்டுகள் ஏற்க வேண்டும். வேலை செய்ய அனுமதி என்பது வேறு, அது விசா சம்பந்தப்பட்டது. ஆனால் வீட்டில் இருக்கும் வருடங்களில் தேர்வுகளையாவது முடித்து வைக்கலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

#4 எல்லைக்கல் (சான் அன்டோனியோ)

வைகைக்கரை தம்பி, உங்கள் மைத்துனருக்கான பதில் என்னிடம் இருக்கிறது. நான் இங்கே லைசென்ஸ் பெற்ற சர்வேயர். அப்பா தமிழ்நாட்டு சர்வே துறையில் இருந்தவர். சின்ன வயதில் அவரோடு அளவுச் சங்கிலி பிடித்து நடந்திருக்கிறேன்.

அவருக்குச் சொன்னது உண்மைதான். டெக்சாஸில் பதிவு பெறாமல் தன்னை நிலச் சர்வேயர் என்று சொல்லி மக்களுக்கு வேலை செய்து கொடுக்க முடியாது. இதில் வருந்த ஒன்றுமில்லை. அவர் கற்ற கை எங்கும் போகாது, லைசென்ஸ் பெற்றவரின் கீழ் நாளைக்கே வேலைக்குச் சேரலாம். களத்தில் ஆள் கிடைக்காமல் நாங்கள் தவிக்கிறோம். நில சர்வேயர்களின் தேசிய சங்கம் நான்கு படிநிலைகளில் சர்வே டெக்னீஷியன் சான்றிதழ் தருகிறது. அதற்குப் பட்டம் வேண்டாம். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள், சம்பளம் பேசும்போது உதவும்.

லைசென்ஸ்தான் இலக்கு என்றால் பாதை நீளம். எஃப்.எஸ். என்ற அடிப்படைத் தேர்வு, பயிற்சி சர்வேயராக லைசென்ஸ் பெற்றவரின் கீழ் சில வருடம், கடைசியில் தொழில்முறைத் தேர்வு. டெக்சாஸ் நிலச் சட்டம் தெரியாமல் அதில் தேற முடியாது. படிப்பு நிபந்தனையும் உண்டு. டிப்ளமோவை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை போர்டிடம்தான் கேட்க வேண்டும். 2019 செப்டம்பரில் பொறியாளர் போர்டையும் சர்வேயர் போர்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள், ஆகவே நீங்கள் இருவரும் எழுதப்போவது ஒரே அலுவலகத்துக்கு.

#5 வைகைக்கரை

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்றிரவே நோட்டு போட ஆரம்பித்துவிட்டேன்.

எல்லைக்கல் அண்ணா, மைத்துனன் கேட்கச் சொன்ன கேள்வி இது: "துபாயில் அளந்த அதே கருவி, அதே செயற்கைக்கோள். சென்டிமீட்டர் பிசகாமல் அளப்பேன். இதில் மாநிலத்துக்கு மாநிலம் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?" எனக்கும் ஒரு கேள்வி. நான் பி.இ. வாங்கிவிட்டால் எங்கள் சைட்டின் எல்லையை நானே அளந்து கொடுக்கலாமா?

#6 எல்லைக்கல்

உங்கள் கேள்விக்கு முதலில். டெக்சாஸில் முடியாது. டிசைனுக்காக மேடு பள்ளம் அளந்துகொள்ளலாம். சொத்து எல்லை எங்கே என்று சொல்வது சர்வேயர் மட்டும். கலிஃபோர்னியாவில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே 33,966க்குக் குறைவான எண்ணுள்ள பழைய சிவில் லைசென்ஸ்காரர்கள் நிலச் சர்வேயும் செய்யலாம், 1982க்குப் பின் லைசென்ஸ் வாங்கியவர்கள் கூடாது. இப்போது அங்கே ஒரு இளம் பி.இ.யால் முடியாததை ஓய்வு பெறப்போகும் பெரியவர் செய்யலாம்.

மைத்துனரின் கேள்வி நல்ல கேள்வி. களத்தில் நின்றவன்தான் இப்படிக் கேட்பான். அளப்பது என்பது இந்த வேலையில் சிறிய பாதி. எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாதி, அதைக் கருவி சொல்லாது.

டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் 1785ஆம் வருடச் சட்டப்படி நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டாக்கினார்கள். டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதனால் அந்தக் கட்டம் இங்கே இல்லை. இங்கே இருப்பது ஸ்பெயின் அரசும் மெக்சிகோ அரசும் பிறகு டெக்சாஸ் குடியரசும் கொடுத்த நில மானியங்கள்.  அளவு வாரா கணக்கில். ஒரு வாரா 33⅓ அங்குலம், 36 வாரா சேர்ந்தால் 100 அடி. ஒரு லீக் என்பது பக்கத்துக்கு 5,000 வாரா உள்ள சதுரம், சுமார் 4,428 ஏக்கர். இன்றைக்கும் சான் அன்டோனியோவில் ஒரு வீட்டு மனைப் பத்திரத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால் கடைசியில் இந்த வாராவில்தான் போய் நிற்பீர்கள். மூலக் குறிப்புகள் ஆஸ்டினில் ஜெனரல் லேண்ட் ஆபீஸ் காப்பகத்தில் இருக்கின்றன. சிலது ஸ்பானிய மொழியில்.

பத்திரத்தில் "ஓக் மரத்திலிருந்து 950 வாரா போய், ஓடைக்கரைக் கல்" என்று இருக்கும். நான் போய் அளந்தால் அந்தக் கல் 943 வாராவில் நிற்கிறது. எல்லை எது? துபாய் அனுபவம் 950 என்று சொல்லும். இங்கே சட்டம் கல்லைத்தான் சொல்லும். முதலில் அளந்தவன் நட்ட அடையாளம் கிடைத்துவிட்டால் தூரமும் பரப்பளவும் அதற்கு அடங்கிப் போக வேண்டும். அவன் சங்கிலி இழுத்தது தவறாக இருக்கலாம், அந்தத் தவறை நம்பித்தான் நூறு வருடமாக இரண்டு பக்கமும் வேலி போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவனைத் திருத்துவது என் வேலை இல்லை. அவன் காலடித் தடத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் நடப்பது என் வேலை. அப்பாவும் ஊரில் வரப்புத் தகராறுக்குப் போனால், எஃப்.எம்.பி.யை (நில அளவைப் பதிவேட்டின் வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு முதலில் மண்ணைக் கிளறிப் பழைய கல்லைத்தான் தேடுவார்.

கருவியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது, இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்காவில் அடி இரண்டு வகை. சர்வே அடி ஒன்று, சர்வதேச அடி ஒன்று. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஒரு மனையை அளந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஹூஸ்டன், சான் அன்டோனியோ பக்கத்து மாநிலக் கட்ட ஆயங்களில் (இடத்தைக் குறிக்கும் கிழக்கு, வடக்கு எண்கள்) வடக்கு எண் 40 லட்சம் மீட்டரிலிருந்து தொடங்குகிறது. அதைத் தவறான அடியில் மாற்றினால் புள்ளி 26 அடிக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு வீட்டின் பக்கத்து இடைவெளியே அவ்வளவு இருக்காது. 2022 முடிவோடு சர்வே அடியை அதிகாரபூர்வமாகக் கைவிட்டாகிவிட்டது. ஆனால் பழைய வரைபடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, இன்னும் பல பத்து வருடம் இருக்கும்.

#7 நொய்யல் (கோயம்புத்தூர்)

நான் அமெரிக்காவில் இல்லை. ஆனால் இந்த இழை என் தொழிலைத் தொடுவதால் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக அமெரிக்கக் கட்டடங்களுக்கு ஸ்டீல் டீடெய்லிங் செய்கிறேன். பீமும் தூணும் சேருமிடம், போல்ட் எண்ணிக்கை, வெல்ட் அளவு, எல்லாம் எங்கள் மேஜையில் உருவாகிறது. இரவு நாங்கள் அனுப்புகிறோம், அங்கே ஒருவர் பார்த்து ஒப்புதல் முத்திரை வைத்துத் திருப்புகிறார். சில சமயம் 200 ஷீட் ஒரே நாளில் திரும்பி வரும். ஒரு மனிதர் ஒரு நாளில் 200 ஷீட்டை எப்படிப் படிப்பார்?

அப்படியானால் லைசென்ஸ் என்பது என்ன சார்? வேலை இங்கே, பெயர் அங்கே. எங்கள் பையன்கள் சிலர் அந்த முத்திரை வைப்பவரைவிட இணைப்புகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள். மனத்தில் இருப்பதைக் கேட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#8 பாலாறு

நொய்யல் சார், தவறாக எடுக்க எதுவும் இல்லை. 200 ஷீட்டை ஒரே நாளில் முத்திரையிட்டுத் திருப்பியவர் செய்தது தவறு. வேலை நடக்கும்போதே அதன் முடிவுகள் தன் கையில் இருந்தால்தான் முத்திரை வைக்கலாம் என்பது எல்லா மாநிலத்திலும் அடிப்படை விதி. கடைசியில் பார்த்துக் குத்துவதற்கு லைசென்ஸை ரத்து செய்கிறார்கள்.

உங்கள் தொழிலிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல். உள்ளே பெரிய முற்றம், அதன் குறுக்கே கூரையிலிருந்து தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். முதல் டிசைனில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி இரண்டு பாலத்தையும் தாங்கும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது கஷ்டம் என்று ஃபேப்ரிகேஷன் (பட்டறையில் இரும்பை வெட்டித் தயாரிக்கும்) கட்டத்தில் அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடி வரை, கீழ்க் கம்பி நான்காம் மாடியின் பீமிலிருந்து இரண்டாம் மாடி வரை. ஒரு கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதும், மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக் கீழே இருப்பவர் தொங்குவதும் ஒன்றா? நான்காம் மாடி இணைப்பின் மேல் பாரம் இரு மடங்கு ஆனது. டீடெய்லிங் செய்பவர் ஒரு நட்டை நகர்த்துவது போன்ற மாற்றம்தான்.

அந்த ஷாப் டிராயிங்கில் (பட்டறைக்கான வரைபடத்தில்) பொறியாளரின் முத்திரை இருந்தது. 1981 ஜூலை 17 மாலை, கீழே நடன நிகழ்ச்சி. பாலங்கள் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். பின்னால் ஆராய்ந்தபோது, மூல டிசைனே நகர விதி கேட்ட வலிமையில் 60 சதவீதம்தான் என்று தெரிந்தது. மாற்றிய பிறகு 30.

தொலைபேசியில் ஒப்புதல் வாங்கினோம் என்றது ஃபேப்ரிகேஷன் தரப்பு, அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. மிசௌரி போர்டு முத்திரை யாருடையது என்று பார்த்தது. இரண்டு பொறியாளர்களின் லைசென்ஸ் போனது. உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கே இருக்கிறது சார். லைசென்ஸ் அறிவுக்கான பட்டம் இல்லை. உங்கள் பையன்களுக்கு அதிகம் தெரியும் என்பதை ஒரு நொடிகூட மறுக்கமாட்டேன். ஆனால் ஏதாவது நடந்தால் கோயம்புத்தூருக்கு யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள், என் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் டீடெய்லிங் குழு சந்தேகம் கேட்டு எழுதினால் அன்றே உட்கார்ந்து பதில் எழுதுவேன். நீங்களும் இணைப்பில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் தனிக் கேள்வியாக எழுதி அனுப்புங்கள். ஷீட்டுக்குள் மாற்றத்தைச் சுற்றி மேகக்கோடு போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

#9 போர்ட்லாண்ட்_வாசி

நான் எலெக்ட்ரானிக்ஸ். லைசென்ஸ் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, இங்கே பொருள் தயாரிக்கும் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

எங்கள் ஓரிகனில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர். ஸ்வீடனில் மின்னணுப் பொறியியல் படித்தவர். அவர் மனைவிக்கு பீவர்ட்டனில் சிக்னல் கேமராவால் அபராதம் வந்தது. மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். வலது பக்கம் திரும்புகிற வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டும், பழைய சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கண்டார். அதிகாரிகளுக்கு எழுதினார். "நான் ஓர் எஞ்சினியர்" என்றும் எழுதினார். மாநில போர்டு, லைசென்ஸ் இல்லாமல் பொறியியல் செய்ததாக 500 டாலர் அபராதம் போட்டது. 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு அவர் சொன்ன திருத்தத்தைத் தன் வழிகாட்டியிலேயே சேர்த்துக்கொண்டது.

அவர் யாருக்கும் டிசைன் விற்கவில்லை. குடிமகனாகக் கேள்வி கேட்டார், கணக்கும் சரியாக இருந்தது. அவரைத் தண்டித்ததால் எந்த மக்களைக் காப்பாற்றினார்கள்?

#10 தாமிரபரணி

போர்ட்லாண்ட் சகோதரருக்கு: அந்த வழக்கில் போர்டு செய்தது தவறு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பேசுவதற்கு லைசென்ஸ் கேட்கக் கூடாது.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த விலக்கைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 2018 செப்டம்பர் 13, மாசசூசெட்ஸில் மெரிமேக் பள்ளத்தாக்கு. பழைய வார்ப்பிரும்புக் கேஸ் குழாயை மாற்றினார்கள். அழுத்தத்தை உணரும் கருவிகள் கைவிடப்பட்ட பழைய குழாயிலேயே இருந்துவிட்டன. அங்கே அழுத்தம் குறையக் குறைய, அமைப்பு புதிய குழாயில் கேஸை ஏற்றிக்கொண்டே போனது. வீடு வீடாகத் தீயும் வெடிப்பும். 18 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அந்த வேலைத் திட்டத்தில் எந்த பி.இ.யின் முத்திரையும் இல்லை, கேஸ் நிறுவனங்களுக்கும் விலக்கு இருந்ததால் சட்டப்படி தேவைப்படவும் இல்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விலக்கை நீக்கச் சொன்னது, அந்த வருடம் டிசம்பர் 31ஆம் தேதியே மாநிலம் சட்டத்தை மாற்றியது.

எங்கள் மாநில லைசென்ஸ் சட்டமும் இப்படித்தான் வந்தது. 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்தது. குறைந்தது 431 பேர் இறந்தார்கள். அணையைக் கட்டியவர் வில்லியம் முல்ஹாலண்ட், லாஸ் ஏஞ்சலஸுக்கே தண்ணீர் கொண்டுவந்தவர், தானே படித்து மேலே வந்த மனிதர். கசிவு என்று கூப்பிட்டதும் அன்று பகலில் போய்ப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் மலையின் பாறையைப் பற்றிச் சொன்னதைக் கேள்வி கேட்கும் இடத்தில் யாரும் இல்லை. 1929இல் சிவில் பொறியாளர் சட்டம் வந்தது. டெக்சாஸிலும் 1937இல் நியூ லண்டன் பள்ளியில் கேஸ் வெடித்துச் சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகுதான். அந்தப் பள்ளியைப் பற்றிப் படித்த இரவு என் மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னால் தூங்க முடியவில்லை.

#11 எல்லைக்கல்

எல்லா இடத்திலும் மரணம்தான் காரணம் என்றில்லை அக்கா. நாட்டிலேயே முதல் சட்டம் 1907இல் வயோமிங்கில் வந்தது. காரணம் தண்ணீர். நீர் உரிமை கேட்டு வரும் விண்ணப்பங்களோடு வாய்க்கால் வரைபடம் வைக்க வேண்டும். வக்கீல்களும் நோட்டரிகளும்கூட எஞ்சினியர், சர்வேயர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மாநில எஞ்சினியர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டனால் எந்த வரைபடத்தையும் நம்ப முடியவில்லை. வறண்ட ஊரில் வாய்க்கால் கோடு பத்தடி தள்ளி இருந்தால் ஒரு குடும்பத்தின் வயல் காய்ந்துவிடும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர்ட்லாண்ட் நண்பர் சொன்னதிலிருந்து எழும் கோடு, அதாவது எதுவரை பேச்சுரிமை, எதிலிருந்து லைசென்ஸ் வேண்டும் என்பது, எங்கள் தொழிலிலும் இப்போது இழுபறியில் இருக்கிறது. வட கரோலினாவில் ஒருவர் ட்ரோன் படங்களை ஒட்டி, அளவெடுக்கக்கூடிய வரைபடமாக விற்கத் தொடங்கினார். சர்வேயர் போர்டு தடுத்தது. பேச்சுரிமை என்று வழக்குப் போட்டார். 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் போர்டின் பக்கம் நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஆனால் வெறும் படம் எடுப்பவரையும் சேர்த்துத் துரத்தினால் நானே எதிர்ப்பேன். வைகைக்கரை தம்பி, மைத்துனர் ட்ரோன் ஓட்டும் சான்று எடுத்தாலும், அது வானத்தில் பறக்கத்தான். தரையில் எல்லை சொல்ல அல்ல.

#12 நொய்யல்

பாலாறு சார், உங்கள் பதிலை எங்கள் குழு முழுவதற்கும் படித்துக் காட்டினேன். ஹயாட் படத்தைப் பலகையில் வரைந்து, பாரம் எந்த நட்டில் இரு மடங்காகிறது என்று பையன்களையே சொல்லச் சொன்னேன். நாலாவது நிமிடத்தில் ஒரு பெண் சரியாகச் சொன்னாள். இனிமேல் இணைப்பு மாற்றத்தைத் தனித்தாளில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பதில் வராத கேள்விக்கு ஷீட் அனுப்புவதில்லை என்று மேலாளரிடமும் பேசினேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, பார்க்கலாம் என்றார். விடமாட்டேன்.

#13 வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போர்டிலிருந்து பதில் வந்தது. எனக்கு எம்.எஸ். போதும், இளங்கலை மதிப்பீடு தேவையில்லை. எஃப்.இ. நவம்பர் இரண்டாம் வாரம் போட்டிருக்கிறேன்.

மைத்துனனுக்கு வாராவைப் பற்றிப் படித்துக் காட்டியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப இது கருவி வேலை இல்ல மாமா, துப்பறியும் வேலை" என்றான். சனிக்கிழமை எல்லைக்கல் அண்ணாவோடு போனில் பேசினான். இப்போது இங்கே ஒரு சர்வே நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்துவிட்டான். முதல் நாளே புதரை வெட்டி, எல்லை அடையாளமாக நட்ட ஒரு பழைய இரும்புக் கம்பியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதன் போட்டோவை குடும்ப குரூப்பில் போட்டான். அத்தை, அது என்னடா துருப்பிடித்த கம்பி என்று கேட்க, அரை மணி நேரம் விளக்கினான்.

ஒரு சின்னக் கேள்வி. தேர்வுக்கு என்ன கால்குலேட்டர் வாங்க வேண்டும்?

#14 பாலாறு

எதுவும் வாங்க வேண்டாம். அனுமதிப் பட்டியலில் கேசியோ எஃப்.எக்ஸ்-991 வகைகள் எல்லாமே இருக்கின்றன. கல்லூரியில் வைத்திருந்தீர்களே, அதேதான். ஊரில் பரணில் இருந்தால் யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரி மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்.